மாடிஃபை செய்த காரை விற்பது: அப்படியேவா, பழையபடி ஆக்கியா?

நிறைய மாற்றங்கள் செய்த காரை அப்படியே விற்கலாம். அல்லது கம்பெனி பாகங்களைத் திரும்பப் பொருத்திவிட்டு, கழற்றியதைத் தனியாக விற்கலாம்.

அப்படியே விற்றால் வேலை மிச்சம். ஆனால் போட்ட பணத்தில் சிறு பங்குதான் திரும்பும். உங்கள் ரசனை இன்னொருவருக்கும் இருக்க வேண்டுமே! அதைவிடப் பெரிய தடை சந்தேகம். பவருக்காக டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) அழுத்தத்தைக் கூட்டிய இன்ஜின் என்றதும், கிளட்சும் கியர்பாக்ஸும் எவ்வளவு அடி வாங்கியிருக்குமோ என்றுதான் வாங்குபவர் யோசிப்பார். அந்தப் பயம் நியாயமானது. பில்களும் சர்வீஸ் பதிவுகளும் இருந்தால் ஓரளவு குறையும்.

பழையபடி ஆக்கினால் வாங்க வருபவர்கள் கூடுவார்கள், இன்சூரன்ஸ் சிக்கலும் குறையும். அலாய் வீல், சஸ்பென்ஷன், எக்ஸாஸ்ட் எல்லாம் தனியாக விற்றால் கூடுதல் பணம் கிடைக்கும். ஆனால் ஒன்று, கழற்றிய கம்பெனி பாகங்களைப் பத்திரமாக வைத்திருந்தால்தான் இது கட்டுப்படியாகும். வெட்டிய ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள பாடி தகடு), நறுக்கிய வயரிங் என்றால் கூலியே லாபத்தைத் தின்றுவிடும்.

என்னைக் கேட்டால், போல்ட்டைத் திருகினால் கழன்று வருவதையெல்லாம் கழற்றிவிடுங்கள். அப்புறம், இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மென்பொருளை மாற்றியிருந்தால் வாங்குபவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பழையதைத் திரும்ப ஏற்றினாலும் சில கார்களில் அதன் தடம் அழியாது.