லோ ரேஞ்ச் விழ மறுக்கும் லாரி: பத்து ஸ்பீடு ஏர் கியர்பாக்ஸோடு என் அனுபவம்

நண்பர் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதிலாக எழுத ஆரம்பித்தேன், நீண்டுவிட்டது. அவருடைய லாரியில் கியர் ஹை ரேஞ்சுக்குச் சுலபமாக ஏறுகிறது, லோவுக்கு மட்டும் இறங்க மறுக்கிறது. கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்தால்தான் தெரியும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லிவிட்டார்களாம். அதே வகைப் பெட்டியைத்தான் நானும் பல வருடங்களாக ஓட்டுகிறேன். எனக்கும் இதே பதில் கிடைத்திருக்கிறது, பெட்டியை இறக்கவும் செய்தார்கள். உள்ளே பல்சக்கரங்கள் புதிது போல இருந்தன. கோளாறு வெளியே, ஒரு மெல்லிய நைலான் குழாயில் இருந்தது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. எழுத்தில் அது தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். முன்பகுதியில் ஐந்து கியர், அதைக் கையால் போடுகிறோம். பின்பகுதியில் லோ, ஹை என்று இரண்டு ரேஞ்ச், அதைக் காற்று போடுகிறது. லோவில் ஒன்று முதல் ஐந்து, ஹையில் ஆறு முதல் பத்து. கியர் ராடின் குமிழில் உள்ள சின்ன விசையைத் தூக்கினால் ஹை, இறக்கினால் லோ.

இயந்திரமாகப் பார்த்தால் இந்தப் பெட்டியை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். முழுச் சுமையோடு ஏற்றத்தில் கீழ்க் கியரில் மணிக்கணக்கில் இழுத்தாலும் முனகாது. எண்ணெயை ஒழுங்காக மாற்றினால் சக்கரங்கள் தேய்வதே அபூர்வம். குமிழில் ஹையை முன்கூட்டியே தேர்ந்து வைத்துவிட்டு, ஐந்திலிருந்து ராடை இழுத்து நியூட்ரலைக் கடக்கும் அந்த நொடியில் பின்னால் 'டக்' என்று ரேஞ்ச் மாறும். கை ஆறாவது கியரைத் தொடுவதற்குள் வேலை முடிந்திருக்கும். ராடு கியரில் இருக்கும்வரை ரேஞ்ச் மாறாமல் ஒரு சிறிய பின் பூட்டி வைக்கிறது, நியூட்ரலுக்கு வந்தால்தான் விடுகிறது. வேகமாகக் கியர் போடும் டிரைவரையும் காப்பாற்றும் இந்த ஏற்பாட்டை யோசித்தவரை நான் மனதார மதிக்கிறேன்.

என் ஆத்திரமெல்லாம் காற்று மேல்தான். டேஷ்போர்டில் இரண்டு ஏர் கேஜ் இருக்கின்றன. இரண்டும் 120 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காட்டுகின்றன. பிரேக் பிரமாதமாகப் பிடிக்கிறது. ஆனால் கியர்பாக்ஸுக்கு அந்த 120 போவதில்லை. நடுவில் ஒரு ஃபில்டர் ரெகுலேட்டர் உட்கார்ந்து, காற்றை வடிகட்டி, அழுத்தத்தை ஏறக்குறைய 60 பிஎஸ்ஐக்குக் குறைத்து அனுப்புகிறது. அந்த 60 இருக்கிறதா, 40க்கு இறங்கிவிட்டதா என்று டிரைவருக்குத் தெரிய வழியே இல்லை. இவ்வளவு பெரிய வண்டியில் ஹீட்டருக்கு மூன்று பொத்தான் வைத்தவர்கள், ரேஞ்ச் மாற்றும் காற்றுக்கு ஒரு முள் வைக்கவில்லை. ரெகுலேட்டரையும் சாலையிலிருந்து தெறிக்கும் சேறும் தண்ணீரும் நேராக வந்து அடிக்கிற இடத்தில்தான் பொருத்தியிருக்கிறார்கள்.

பெட்டி வேலைக்குப் பிறகு நானே ஒன்று செய்தேன். ரெகுலேட்டரிலிருந்து வெளியேறும் பக்கத்தில் ஒரு டீ பிட்டிங் (மூன்று வாய் இணைப்பு) போட்டு, கைக்கடிகாரம் அளவுள்ள கேஜ் ஒன்றை மாட்டினேன். இந்த வண்டிக்கு நான் செய்தவற்றில் இதைவிட உபயோகமான வேலை வேறு இல்லை. அதில் நான் பார்ப்பது நிற்கும் எண்ணை மட்டுமல்ல. கேபினில் ஒருவரை உட்காரவைத்து ரேஞ்சை மாற்றச் சொல்லுங்கள். நல்ல ரெகுலேட்டராக இருந்தால் முள் சட்டென்று கொஞ்சம் இறங்கி, இமைப்பதற்குள் 60க்குத் திரும்பும். ஃபில்டர் அடைத்திருந்தால் முள் 30, 35 வரை சரிந்து, அங்கிருந்து தவழ்ந்து தவழ்ந்து மேலே வரும். அசையாமல் நிற்கும்போது இரண்டுமே 60தான் காட்டும். 'பிரஷர் செக் பண்ணிட்டோம், சரியா இருக்கு' என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வது இந்த நிற்கும் 60ஐப் பார்த்துத்தான். ரேஞ்ச் மாற்றுகிற நொடியில் போதுமான காற்று பாய்கிறதா என்பதை யாரும் பார்ப்பதில்லை.

சிலர் இதற்கு ஒரு குறுக்கு வழி சொல்வார்கள்: ரெகுலேட்டரைத் திருகி அழுத்தத்தை ஏற்றிவிடு, ரேஞ்ச் வேகமாக விழும் என்று. தயவுசெய்து கேட்காதீர்கள். பின்பகுதியில், பல்சக்கரங்களின் வேகத்தை உரசி ஒன்றாக்கும் சின்க்ரோ என்ற பாகம் அந்த 60 பிஎஸ்ஐக்குக் கணக்குப் போட்டுச் செய்தது. அதிக அழுத்தத்தில் ரேஞ்சைத் தள்ளும் பிஸ்டன் மோதினால் உரசும் பரப்பு சீக்கிரம் கருகிவிடும். அதற்குப் பிறகு நிஜமாகவே பெட்டியைப் பிரிக்க வேண்டிவரும்.

இப்போது நண்பரின் பிரச்சினைக்கு வருகிறேன். ஹை விழுகிறது, லோ விழவில்லை. இந்த ஒரு வரியே எனக்குப் பாதி பதில் சொல்லிவிடுகிறது. இந்த வகைப் பெட்டியில் குமிழிலிருந்து ஸ்லேவ் வால்வுக்கு (ரேஞ்ச் மாற்றும் காற்றை லோவுக்கோ ஹைக்கோ திருப்பிவிடும் வால்வு) ஒரு மெல்லிய சிக்னல் குழாய் போகிறது. லோவைத் தேர்ந்தால் அதில் காற்று ஏறும். ஹையைத் தேர்ந்தால் அந்தக் காற்றைக் குமிழ் வெளியே விட்டுவிடும். அதாவது சிக்னல் காற்று இல்லையென்றால் ஸ்லேவ் வால்வு ஹைக்குத்தான் காற்றை அனுப்பும். குழாய் ஓட்டையானாலும் மடங்கினாலும் குமிழ் வால்வு கெட்டாலும் பெரும்பாலும் லோதான் முதலில் அடிவாங்கும். லோ மட்டும் வராத வண்டியில் பெட்டிக்குள் கைவைக்க எந்த அவசரமும் இல்லை.

பார்க்கும் முறை சுலபம். சமதளத்தில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். டேங்க் நிறைய காற்று ஏறியதும் இன்ஜினை அணைத்து, ராடை நியூட்ரலில் விடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, ஸ்லேவ் வால்வில் இருக்கும் சிக்னல் குழாயைக் கழற்றுங்கள். குமிழில் லோ போட்டால் அந்தக் குழாயின் வாயிலிருந்து காற்று நிற்காமல் சீறி வரவேண்டும். ஹை போட்டதும் சுத்தமாக நிற்கவேண்டும். லோவில் சோம்பலாக வந்தாலோ வராமலே போனாலோ கோளாறு குமிழுக்கும் அந்தக் குழாய் முனைக்கும் இடையில்தான். பெரும்பாலும் கியர் ராடின் அடிப்பக்கத்தில் பாருங்கள். அங்கேதான் குழாய்கள் ராடோடு சேர்ந்து தினமும் வளைந்து நிமிர்கின்றன, கேபின் ஆடும்போது உரசவும் செய்கின்றன. என் வண்டியில் குழாய் கிழியவில்லை, உறைக்குள் மடங்கி வெள்ளைக்கோடு விழுந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கையால் தடவினால்தான் அந்த மடிப்பு விரலுக்குத் தட்டுப்படும்.

சிக்னல் நன்றாக வருகிறதா? குழாயைத் திரும்ப மாட்டிவிட்டு, ரேஞ்சைத் தள்ளும் பிஸ்டன் இருக்கும் ரேஞ்ச் சிலிண்டருக்குப் போகும் லோ குழாயை அதேபோல் கழற்றிப் பாருங்கள். லோவில் அங்கே காற்று இல்லையென்றால் ஸ்லேவ் வால்வு அல்லது நான் மேலே சொன்ன பூட்டும் பின் சிக்கியிருக்கிறது. இதெல்லாம் வெளியே இருக்கிற சமாச்சாரங்கள்.

இனி சத்தம். லோவிலிருந்து ஹைக்கு மாற்றும்போது குமிழில் ஒரு குட்டி 'புஸ்' வரும், அது இயல்பு. நிற்காமல் சீறிக்கொண்டே இருந்தால் குமிழ் வால்வைச் சந்தேகியுங்கள். ஸ்லேவ் வால்வின் வெளியேற்றுத் துளையில் இடைவிடாமல் காற்று வந்தால், ரேஞ்ச் சிலிண்டரின் பிஸ்டனைச் சுற்றியுள்ள ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கசிந்து ஒரு பக்கக் காற்று மறுபக்கம் போகலாம். அப்போது இரண்டு பக்கமும் மந்தமாக மாறும்.

இன்னொரு கசிவு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடமாட்டேன். ரேஞ்சை மாற்றும் கவையை (ரேஞ்ச் போர்க்) தள்ளும் கம்பி பெட்டிக்குள் நுழையும் இடத்தில் ஒரு ஓ-ரிங் உண்டு. அது போனால் காற்று வெளியே வராமல் கியர்பாக்ஸுக்குள் இறங்கும். லோ மெதுவாக விழும், பெட்டியின் மூச்சுத் துளையான ப்ரீதரில் எண்ணெய்ப் புகை அடிக்கும், உள்ளே அழுத்தம் ஏறிப் பின்பக்க ஆயில் சீல் வழியாக எண்ணெய் கசியும். உடனே சீலை மாற்றுவார்கள். கொஞ்ச நாளில் புதிய சீலும் கசியும். அது மட்டமான சீல் என்று திட்டிவிட்டு மறுபடி மாற்றுவார்கள். ப்ரீதர் மேல் விரலை வைத்து, லோ ரேஞ்சில் காற்று தள்ளுகிறதா என்று ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். ரேஞ்ச் சிலிண்டர் பின்பக்கத்தில்தான் இருக்கிறது, அந்த ஓ-ரிங்கைப் பார்க்க முழுப் பெட்டியையும் இறக்க வேண்டியதில்லை.

ஓ-ரிங் மாற்றும்போது சிலிக்கான் கிரீஸை விரலில் தொட்டு மெல்லப் பூசினால் போதும். அள்ளி அப்பினால் சிறு துளைகளை அதுவே அடைத்துவிடும். பிட்டிங் மரையில் சுற்றும் வெள்ளை டேப்பும் அப்படித்தான், ஒரு நூலளவு பிய்ந்து உள்ளே போனாலே வால்வை மூட விடாது.

எல்லாக் காற்றும் சரி, முள்ளும் இமைப்பதற்குள் திரும்புகிறது, ஆனாலும் ரேஞ்ச் மாறும்போது பல் கடிக்கிறது என்றால் அப்போது சின்க்ரோவைப் பார்க்கலாம், அதுவும் பின்பகுதியை மட்டும் தனியே கழற்றி. வண்டி ஓடும்போது ராடை நியூட்ரலில் வைத்துக்கொண்டு விசையை மாற்றும் பழக்கமும், வேகம் குறையும் முன்பே லோவுக்கு இழுக்கும் பழக்கமும் சின்க்ரோவைத் தின்றுவிடும். வேறு டிரைவர் ஓட்டுகிற வண்டி என்றால் முதலில் அதை விசாரியுங்கள்.

டேங்கில் தண்ணீர் வடிப்பதையும் ஏர் டிரையரையும் பற்றிச் சொல்லவே வேண்டாம், தெரிந்ததுதான். ஆனால் வடிக்கும்போது தண்ணீரோடு கறுப்பு எண்ணெய் வந்தால் கம்பிரசரைப் பாருங்கள். அந்த எண்ணெய் ரப்பரை ஊத வைக்கும், எத்தனை ஓ-ரிங் மாற்றினாலும் நிற்காது.

அடுத்த லாரியையும் இதே பெட்டியோடு எடுக்கலாமா என்று நண்பர் கேட்டிருக்கிறார். பெட்டியைப் பற்றி மேலே எழுதிய புகழ்ச்சியில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப வாங்கமாட்டேன். ஆனாலும் இன்றைக்கு என் பதில், வேண்டாம். போன மாதம்தான் மறுபடி ஒரு ரெகுலேட்டர் போயிற்று, முழுச் சுமையோடு ஏற்றத்தின் பாதியில் லோ விழாமல் ஓரங்கட்டி நின்றேன். கேஜ் மாட்டியிருந்ததால் எனக்குக் காரணம் உடனே தெரிந்தது. நண்பரோ வண்டியை டிரைவர்களிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பவர். வண்டிக்கு அடியில் படுத்துக் குழாயைத் தடவிப் பார்க்க ஆளில்லாத இடத்தில், பழுது எங்கே என்று ஒர்க்‌ஷாப் சொல்வதுதான் முடிவு. தயாரிப்பாளர்கள் அந்த 60 பிஎஸ்ஐக்கு டேஷ்போர்டில் ஒரு முள் வைக்கட்டும், அப்போது கேளுங்கள், யோசித்துச் சொல்கிறேன். இப்போதைக்கு அந்தச் சிக்னல் குழாயைக் கழற்றிப் பார்க்கும்வரை பெட்டியில் ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்த விடாதீர்கள்.