நேட்டால் கப்பல் பட்டியல்: பெயரை நம்பி இறங்காதீர்கள், எண்ணைக் கேளுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தேடிப் போன ஆள் இன்னும் கிடைக்கவில்லை. இருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் இந்த இணையப் பட்டியலுக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன்.

எங்கள் ஆயா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்த கதை இது. பாட்டனுக்குப் பாட்டனின் தம்பி ஒருத்தர், பேர் முனுசாமி, தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78) அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு "நெட்டாலுக்கு" கப்பலேறினார், போனவர் போனவர்தான். ஊர் போளூர் தாலுகா. நெட்டால் என்றால் என்ன என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஏதோ பட்டணம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது தென்னாப்பிரிக்காவின் நேட்டால் என்று தெரிந்துகொள்ளவே எனக்கு முப்பது வயது ஆகிவிட்டது.

சரி, பட்டியலுக்கு வருவோம். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல் நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பனில் போய் நின்றது. அதிலிருந்து 1911இல் உம்லாசி என்ற கடைசிக் கப்பல் வரைக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர், அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். இறங்கிய ஒவ்வொருவரையும் வெள்ளைக்காரன் பேரேட்டில் ஏற்றி வைத்திருக்கிறான். ஆளுக்கு ஒரு வரி: எண், பெயர், அப்பா பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாணா (போலீஸ் சரகம்), கிராமம், உடம்பில் உள்ள அடையாளம், எந்த முதலாளியிடம் அனுப்பினார்கள் என்பதுவரை. அதைத் தட்டச்சு செய்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் செய்த வேலை இது. பைசா செலவில்லை. மூலப் பேரேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

நான் செய்த முதல் தப்பு, பெயரைப் போட்டுத் தேடியது. முனுசாமி! வட ஆற்காட்டில் ஒரு காலத்தில் தெருவுக்கு நாலு முனுசாமி இருந்திருப்பார்கள், அத்தனை பேரும் கப்பலேறியது போல வரிசையாக வந்து நிற்கிறார்கள். எழுதியிருக்கும் விதத்தைக் கேளுங்கள்: மூன்சாமி, மூனசாமி, முனிசாவ்மி, மூனியசாமி, இரண்டு ஓ போட்டு ஒன்று, யூ போட்டு ஒன்று, கடைசியில் ஐ, வொய், ஈ என்று ஆளுக்கொரு வால். எழுதியவனுக்குத் தமிழ் தெரியாது, சொன்னவருக்கு இங்கிலீஷ் தெரியாது, நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளன் அவன் காதுக்குப் பட்டதைச் சொல்லியிருக்கிறான். இன்றைக்கு டர்பன் டெலிபோன் டைரக்டரியில் கோவெண்டர் என்று இருப்பவர் நம்ம ஊர்க் கவுண்டர், மூட்லி என்றால் முதலி, பாத்தர் என்றால் பத்தர். இந்தக் கணக்குப் பிடிபடாமல் மூன்று ராத்திரி கண்விழித்ததுதான் மிச்சம்.

அந்த மூன்றாவது ராத்திரியில்தான் ஒரு கட்டணத் தளத்தில் விழுந்தேன். பேர் வேண்டாம். இரண்டு வாரம் இலவசம் என்றார்கள், கார்டு நம்பர் கொடுத்தேன், மறந்துவிட்டேன், ஒரு வருஷ சந்தாவை உருவிக்கொண்டார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் இங்கிலாந்துப் பாதிரியார்களின் ஞானஸ்நானப் பதிவும் கல்லறைப் பதிவும்தான் குவிந்து கிடக்கின்றன. உங்கள் தாத்தா ரயில்வேயில் ஆங்கிலோ இந்தியராக இருந்திருந்தால் லாபம். நமக்கு அங்கே வேலையில்லை.

ஃபேமிலிசர்ச் பரவாயில்லை, கணக்கு ஆரம்பித்தால் போதும், முழுக்க இலவசம். அமெரிக்காவில் உட்டா மாநிலத்து மார்மன் சபை நடத்துவது, பல நாட்டு ஆவணங்களைப் படம்பிடித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் படம் இருக்கிறது என்பதும் பெயர் போட்டால் வரும் என்பதும் வேறு வேறு. ஏராளமான கட்டுகளை இன்னும் யாரும் பெயர்வாரியாகப் பிரிக்கவில்லை, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான். சிலவற்றை வீட்டிலிருந்து பார்க்கவே முடியாது, அவர்களுடைய மையத்துக்குப் போகச் சொல்லும். ஹரித்வாரில் யாத்திரை வருகிறவர்களின் குடும்ப வரலாற்றை எழுதிவைக்கும் பண்டாக்கள் என்ற புரோகிதர்களின் வம்சாவளி ஏடுகள்கூட அதில் இருக்கின்றன, பஞ்சாபிக்காரர்களுக்குக் கொண்டாட்டம்.

ஜனத்தொகைக் கணக்கில் தேடேன் என்று ஒரு நண்பன் சொன்னான். இங்கிலாந்தில் நூறு வருஷம் ஆனதும் வீட்டுவாரித் தாள்களைத் திறந்துவிடுகிறார்கள், 1921ஆம் ஆண்டுக் கணக்கு 2022இல் வெளிவந்தது. அமெரிக்காவில் 72 வருஷம். நம்ம ஊரில் 1871-72லிருந்து தலையை எண்ணியிருக்கிறார்கள், ஆனால் கிடைப்பது எல்லாம் தாலுகாவுக்கு இத்தனை பேர், இத்தனை கிணறு, இத்தனை குருடர் என்ற மொத்தக் கணக்குதான். 1948ஆம் ஆண்டுச் சட்டம் தனி ஆள் விவரத்தை யாருக்கும் காட்டக் கூடாது என்கிறது, அதற்குக் காலக்கெடுவும் இல்லை. அதனால்தான் இந்தக் கப்பல் பட்டியல் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஊரிலேயே தங்கி நிலத்தை உழுது செத்துப்போன என் பாட்டனுக்குப் பாட்டனைப் பற்றி ஒரு வரிகூட எங்கும் இல்லை. ஓடிப்போன தம்பிக்கோ தழும்பு எந்தக் காலில் என்பதுவரை எழுதி வைத்திருப்பார்கள்.

விஷயம் திரும்பியது டர்பனிலிருந்து ஓர் அக்கா வாட்ஸப்பில் வந்தபோது. வட ஆற்காட்டு ஆட்களைத் தேடுகிறார் என்று தெரிந்தவர் மூலம் அறிமுகம். அவருக்குத் தமிழ் அவ்வளவாக வராது, ஆனால் தாத்தா, பெரிம்மா, தம்பி எல்லாம் வரும். நான் என் முனுசாமி புராணத்தைப் பாடி முடித்ததும் கேட்டார், "நம்பர் இருக்கா தம்பி?"

என்ன நம்பர் என்றேன். அவருக்குச் சிரிப்பு.

காலனி எண். டர்பனில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண், ட்ரூரோவில் ஒன்றில் ஆரம்பித்து கடைசிக் கப்பல்வரை தொடர் எண். சம்பளம், பாஸ், கல்யாணப் பதிவு, பிள்ளை பிறந்த பதிவு எல்லாவற்றிலும் அதுதான். பிள்ளைகளின் சான்றிதழில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நேராக எண் போட்டிருக்கும். பழைய சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால் நேராக அந்த வரிக்குப் போய்விடலாம், எண் எந்த இடத்தில் விழுகிறது என்பதைப் பார்த்தாலே எந்தக் கப்பல், எந்த வருஷம் என்று தெரிந்துவிடும். இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கிற டர்பன்காரர்களும் இந்த வரியைத்தான் சான்றாக வாங்கிக் கொடுக்கிறார்கள். பெயரை வைத்துக்கொண்டு தேடுகிறவன் இந்தியாவில் உட்கார்ந்திருக்கிற என்னை மாதிரி ஆள்தான்!

அக்காவிடம் அவருடைய கொள்ளுத்தாத்தாவின் எண் இருந்தது, வரியும் இருந்தது. அவருக்குப் புரியாதது ஊர்ப் பெயர். ஜில்லா வட ஆற்காடு, அது சரி, தாணா போளூர், எழுத்து கொஞ்சம் கோணல் என்றாலும் தெரிகிறது. கிராமம் என்ற இடத்தில் சுண்டவாசெல் என்று ஏதோ இருந்தது. அவர் கூகுள் மேப்பில் போட்டுப் போட்டுப் பார்த்து அப்படி ஊரே இல்லை, அழிந்துபோயிருக்கும் என்று முடிவு கட்டி வைத்திருந்தார். நானும் அரை மணி நேரம் அந்த எழுத்துகளையே முறைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் சும்மா உரக்கப் படித்துக் காட்டினேன். தலையைத் தூக்காமலே சொன்னாள்: "சந்தவாசல்டா. படவேட்டுக்குத் திரும்புவோமே, அங்க."

அவ்வளவுதான். எழுதினவன் காதால் எழுதியிருக்கிறான், நாம் கண்ணால் படித்துக்கொண்டிருக்கிறோம். அதற்குப் பிறகு நான் எந்த வரியையும் வாய்விட்டுப் படிக்காமல் விடுவதில்லை, முடிந்தால் அந்தப் பக்கத்து வயசானவர் யாராவது காதில் விழுகிற மாதிரி. ஜில்லாவிலும் கவனம் வேண்டும். சித்தூர் 1911வரை வட ஆற்காட்டில்தான் இருந்தது, அதனால் வட ஆற்காடு என்று பார்த்ததும் வேலூர், திருவண்ணாமலை என்று ஓடக் கூடாது, ஆந்திரப் பக்கமும் பார்க்க வேண்டும்.

சாதிக் கட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். முந்தைய பக்கங்களில் மலபார் என்று எழுதியிருப்பார்கள், கேரளத்துக்காரர் என்று அர்த்தமில்லை, அன்றைய வெள்ளைக்காரனுக்குத் தமிழ் பேசுகிறவரெல்லாம் மலபார், தெலுங்கு பேசினால் ஜெண்டூ. சொன்னவர்களும் உண்மையைத்தான் சொன்னார்கள் என்று யார் கண்டது? புது ஊரில் பழைய சாதியை உதறிவிட்டு வேறொன்றைச் சொன்னவர்கள் இருந்தால் நான் தப்பு சொல்ல மாட்டேன். வயதும் உத்தேசம்தான், 20, 25, 30 என்று வட்டமாக வரும்.

முதலாளி கட்டம் எனக்குப் பிடித்தது. பெரும்பாலும் கரும்புத் தோட்டம், அப்புறம் நேட்டால் ரயில்வே, நிலக்கரிச் சுரங்கம், தேயிலை. அதைப் பிடித்துக்கொண்டால் குடும்பம் பிற்பாடு எந்தப் பக்கம் தங்கியது என்று ஓரளவு ஊகிக்கலாம். வரிசையில் தனியாக நிற்கிற பெண்களின் வரிகளைப் படிக்கத்தான் மனசு வலித்தது, அப்பா பெயர் இருக்கும், பக்கத்தில் புருஷன் இருக்க மாட்டான், இடுப்பில் ஒரு வயதுக் குழந்தைக்குத் தனி எண் இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை, காலத்தைப் பற்றி. 1866க்கும் 1874க்கும் நடுவில் நேட்டாலுக்குக் கப்பலே கிடையாது. அங்கே தொழில் படுத்துப்போனதால் நிறுத்தினார்கள், 1871இல் ஊர் திரும்பியவர்கள் அடியையும் சம்பளப் பிடித்தத்தையும் சென்னையில் சொல்லி அழ, இந்திய அரசு கெடுபிடி செய்து, 1872இல் ஒரு விசாரணைக் குழு உட்கார்ந்து, அதன் பிறகுதான் மறுபடி ஆள் அனுப்பினார்கள். உங்கள் வீட்டுக் கதை 1870 என்று சொன்னால் நேட்டாலை விட்டு மொரீசியஸ் பக்கம் தேடுங்கள், மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனம் வைத்திருக்கும் பதிவுகளில் பலருக்குப் போட்டோகூட உண்டு. பிஜி என்றால் சென்னையிலிருந்து 1903க்குப் பிறகுதான்.

அந்த ஒரு மதிப்பெண் ஏன் குறைந்தது என்றால், தட்டச்சில் ஏறிய வரியோடு பேரேட்டின் படத்தை ஒட்டிப் பார்க்க வழியில்லை. கோணல் எழுத்து அந்தக் காலத்துக் குமாஸ்தாவுடையதா, கம்ப்யூட்டரில் அடித்தவருடையதா என்று சந்தேகம் வந்தால் சந்தேகமாகவே கிடக்கிறது.

டர்பன் அக்கா போன மார்கழியில் வந்தார். சந்தவாசலில் இறங்கி டீ குடித்தோம், யாரைக் கேட்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. குலதெய்வம் எது என்று கேட்டுக்கொண்டே இருந்தார், அதற்குப் பட்டியலில் கட்டமில்லை. படவேட்டு ரேணுகாம்பாள் அந்தப் பக்கத்தில் பல குடும்பங்களுக்குக் குலதெய்வம் என்று சொல்லி அழைத்துப் போனேன், உறுதியாகச் சொல்லவில்லை, அவரும் உறுதி கேட்கவில்லை.

எங்கள் ஆளுக்குச் சான்றிதழ் கிடையாது, எண் கிடையாது. எக்செலில் இப்போது 37 முனுசாமிகள் இருக்கிறார்கள், எல்லாரும் வட ஆற்காடு, எல்லாரும் தாது வருஷத்துக்குப் பிறகு. போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரை அடித்தேன். ஒருவருக்கு அப்பா பெயர் ஒத்துவரவில்லை, இன்னொருவர் கப்பலேறும்போது 4 வயதுக் குழந்தை.