அச்சிதழா, டேப்லெட்டா: பத்திரிகைப் பிரியர்களுக்கு ஓர் அலசல்

டேப்லெட்டில் பத்திரிகை படிக்க முடியாது என்று ஒதுக்கியவர்களில் பலர், 8 அங்குலத் திரையில் அச்சுப் பக்கத்தின் பிடிஎஃப்பைத் திறந்து பார்த்தவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்கள் சலித்துக்கொண்டது நியாயம்தான். இதழின் பக்கம் ஏ4 அளவு என்றால் அதன் அகலம் 210 மி.மீ. 16:10 விகிதத்தில் அமைந்த 8 அங்குலத் திரையின் அகலமோ சுமார் 108 மி.மீ. அச்சில் 10 பாயின்ட் அளவில் இருக்கும் எழுத்து அங்கே 5 பாயின்ட்டாகச் சுருங்கிவிடும். ஆங்கிலத்தையாவது எப்படியோ ஒப்பேற்றலாம். தமிழில் முதலில் காணாமல் போவது புள்ளி. 'க' எது, 'க்' எது என்று கண் தடுமாறினால் வாசிப்பு அங்கேயே நின்றுவிடும்.

அதே விகிதமுள்ள 11 அங்குலத் திரையில் அந்தப் பக்கம் 70 சதவீத அளவில் தெரியும், அதாவது 7 பாயின்ட். 4:3 விகிதமுள்ள 13 அங்குலத் திரையில் ஏறக்குறைய 9 பாயின்ட் கிடைக்கும். காகிதத்துக்கு நெருக்கமான அனுபவம் இதில்தான் உண்டு, விலையும் அதற்கேற்ப ஏறும். கையில் இருப்பது 11 அங்குலம் என்றால் கருவியைப் படுக்கைவாட்டில் திருப்புங்கள். பக்கத்தின் அகலம் திரையை நிறைத்து, எழுத்து 11 பாயின்ட்டைத் தாண்டிவிடும். ஒரு பக்கத்தை மேலிருந்து கீழாக இரண்டு முறை நகர்த்திப் படிக்க வேண்டியிருக்கும். பரவாயில்லை, விரல்களால் ஓயாமல் பெரிதாக்கிச் சிறிதாக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

வாங்கும்போது திரையின் புள்ளி அடர்த்தியையும் பாருங்கள். 10 அங்குலத்தில் 1280×800 என்றால் ஓர் அங்குலத்துக்கு 150 புள்ளிகள்தான். தமிழ்ச் சுழிகள் மெழுகினாற்போல் ஆகிவிடும். 1920×1200-க்குக் கீழே இறங்க வேண்டாம்.

இதுவரை சொன்னது அச்சுப் பக்கத்தை அப்படியே படமாகப் பார்க்கும் வழி, அதாவது பக்கப்படம். இரண்டாவது வழி எழுத்துப் பார்வை. பக்க அமைப்பை விட்டுவிட்டு, கட்டுரையை மட்டும் ஒற்றைப் பத்தியாக ஓடவிடுவது. எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம், இரவில் கறுப்புப் பின்னணிக்கு மாற்றலாம். வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு அச்சிதழைவிடவும் இதுவே வசதி என்று தயங்காமல் சொல்லலாம். கட்டுரையும் அரசியல் விமர்சனமும் மிகுந்த இதழ்களுக்கு எங்கள் தேர்வு இதுதான். 8 அங்குலமே போதும்.

ஆனால் ஓவியம் நிறைந்த இதழை இப்படிப் படித்தால் பாதி இதழ்தான் கைக்கு வரும். ஓவியர்கள் கோபுலுவும் சில்பியும் வரைந்த மரபில் வந்த தமிழ் வார இதழ்களில் படம் கதைக்கு ஒட்டுப்போட்டதல்ல. எழுத்து எங்கே வளைந்து இடம் விட வேண்டும் என்பதையே ஓவியம் தீர்மானிக்கும். எழுத்துப் பார்வையில் அது ஒரு சிறு சதுரமாகக் கதையின் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அத்தகைய இதழ்களுக்குப் பக்கப்படமே சரி. இரண்டு பக்கம் விரியும் நடுப்பக்கப் படத்தைப் பார்க்க, செயலியில் இரட்டைப் பக்கக் காட்சியைத் தேர்ந்தெடுங்கள். இல்லையேல் படம் நடுவில் துண்டாகும்.

தேடல் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டில் அமையாத பழைய எழுத்துருவில் வடிவமைத்த பிடிஎஃப்பில் தமிழ்ச் சொல்லைத் தட்டினால் ஒன்றும் அகப்படாது. நகலெடுத்து ஒட்டினால் புரியாத குறிகள் வந்து விழும். உரக்கப் படித்துக்காட்டும் வசதியும் வேலை செய்யாது. எழுத்துப் பார்வையில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.

காகிதம் இன்னும் விட்டுக்கொடுக்காத இடம் சேகரிப்பு. தொடர்கதைப் பக்கங்களை வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து, அடுத்த தலைமுறைக்குக் கொடுத்த வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். காகிதத்தில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் தாளை மஞ்சளாக்கும், தைத்த கம்பி துருப்பிடிக்கும், இராமபாணப் பூச்சி அரிக்கும். அத்தனைக்குப் பிறகும் அது உங்கள் சொத்து. எல்லா இதழ்களையும் படிக்கவிடும் மொத்தச் சந்தாவில், சந்தா முடிந்த அன்றே அலமாரி பூட்டிக்கொள்ளும். பாதுகாக்க நினைக்கும் இதழைத் தனியாக விலை கொடுத்து வாங்குங்கள், அல்லது அச்சிலேயே வாங்குங்கள். கல்கி போல 2020-இல் அச்சை நிறுத்தி இணையத்துக்கு மாறிய இதழுக்கு அந்த இரண்டாவது வழி இல்லை என்பது வருத்தமான உண்மை.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களுக்கு இந்த யோசனையே தேவையில்லை. தபாலில் ஒரு வாரம் பிந்தும் அரசியல் இதழ் ஆறிப்போன காப்பி. டேப்லெட்டில் வெளியாகும் நாளிலேயே சூடாகக் கிடைக்கும்.

சந்தாவில் பலரும் சறுக்குவது தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டில். செயலியை நீக்கினால் சந்தா நின்றுவிடாது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, கட்டணங்களும் சந்தாக்களும் என்ற பகுதிக்குள் போய் ரத்து செய்ய வேண்டும்.

ஆண்டுச் சந்தா கட்டுமுன் ஒரே ஓர் இதழை வாங்கிச் சோதியுங்கள். பொடி எழுத்துள்ள பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்பு மங்கினால் அது தரம் குறைத்துச் சேமித்த படம். எழுத்துப் பார்வை எல்லாக் கட்டுரைக்கும் இருக்கிறதா, சிலவற்றுக்கு மட்டுமா என்று புரட்டுங்கள். இதழைத் தரவிறக்கி, இணையத்தைத் துண்டித்துவிட்டுத் திறந்து பாருங்கள். அப்போதும் திறந்தால் ரயில் பயணத்துக்கு நம்பி எடுத்துப்போகலாம்.