சமையலறைக் கழிவு: பயோகேஸா, மட்கு உரமா, குப்பைக்கிடங்கா?

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 105 கோடி டன் உணவை வீணாக்கியது. அதில் 28 விழுக்காடு உணவகங்கள், விடுதிகள், உணவுக்கூடங்கள் போன்ற வணிகச் சமையலறைகளிலிருந்து வந்தது. இந்தக் கழிவிலிருந்து எரிவாயு எடுப்பது சூழலுக்கு நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எதைவிட நல்லது, எவ்வளவு நல்லது என்று கேட்டால்தான் விடை பயன்படும். ஒரு டன் கழிவை எடுத்துக்கொண்டு, அது போகக்கூடிய வழிகளை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் குப்பைக்கிடங்கு. மண்ணுக்கும் குப்பைக்கும் அடியில், காற்றில்லாத இடத்தில் உணவு அழுகும்போது மீத்தேன் பிறக்கிறது. நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறத்தாழ 27 மடங்கும், இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்கும் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். கிடங்கில் குழாய் இறக்கி வாயுவைச் சேகரிக்கலாமே என்று தோன்றும். அந்த ஏற்பாடு வந்து சேர்வதற்குள் உணவில் பெரும்பகுதி அழுகிவிடுகிறது என்பதுதான் சிக்கல். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2023-ஆம் ஆண்டு ஆய்வு, கிடங்கில் உணவுக்கழிவு உண்டாக்கும் மீத்தேனில் 61 விழுக்காடு பிடிபடாமல் தப்பிவிடுகிறது என்கிறது. அந்த ஆய்வின் கணக்கை மெட்ரிக் டன்னுக்கு மாற்றினால், ஒரு டன் உணவுக்கழிவுக்கு 37 கிலோ மீத்தேன் காற்றில் கலக்கிறது. அதாவது சுமார் 1,000 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான பாதிப்பு.

அடுத்து பயோகேஸ். அதே அழுகலைக் காற்றுப் புகாத செரிகலனுக்குள், 35 முதல் 40 டிகிரி வெப்பத்தில் நுண்ணுயிரிகளைக்கொண்டு நடத்துகிறோம். நன்றாக நடத்தினால் ஒரு டன் கழிவிலிருந்து 100 கன மீட்டர் அளவுக்கு வாயு கிடைக்கும். அதில் 60 விழுக்காடு மீத்தேன். அந்த 100 கன மீட்டர், சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயுவில் ஏறத்தாழ 45 கிலோவுக்கு ஈடு. 45 கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் 135 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். அவ்வளவும் மிச்சம். செரிகலன் வாயு எரியும்போதும் கார்பன் டை ஆக்சைடு வருகிறதுதான். ஆனால் அது பயிர் அண்மையில் காற்றிலிருந்து எடுத்த கார்பன் என்பதால் புதிய சுமையாக எண்ணப்படுவதில்லை.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கிடங்குக்குப் போகாமல் தடுத்ததால் வந்த நன்மை 1,000 கிலோ. எரிவாயுவாக மாற்றியதால் வந்த நன்மை 135 கிலோ. பயோகேஸின் பெருமையில் பெரும்பகுதி உண்மையில் கழிவைக் குப்பையிலிருந்து பிரித்த செயலுக்கே உரியது. பிரித்த கழிவை மட்கு உரமாக்கினாலும் அந்த 1,000 கிலோவில் பெரும்பங்கு கிடைத்துவிடும். ஆகவே உண்மையான போட்டி பயோகேஸுக்கும் மட்கு உரத்துக்கும் இடையில்தான். அது நூற்றுச் சொச்சம் கிலோவுக்கான போட்டி.

அந்த நூற்றுச் சொச்சத்தைக் கசிவு எளிதில் தின்றுவிடும். 100 கன மீட்டர் வாயுவில் உள்ள மீத்தேனின் எடை சுமார் 40 கிலோ. அதில் 5 விழுக்காடு கசிந்தால் 54 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான இழப்பு. 12 விழுக்காட்டை எட்டினால் எரிபொருள் மிச்சம் முழுவதும் போய்விடும். வால்வு, மூடியின் ஓரம், அழுத்தம் கூடும்போது வாயுவை வெளியே விடும் குழாய் என்று கசிவுக்கு வழிகள் பல. நான் எல்லாவற்றுக்கும் மேலாக அஞ்சுவது, வாயு எடுத்தபின் செரிகலனிலிருந்து வெளிவரும் கழிவுக் குழம்பைத் திறந்த தொட்டியில் சேர்த்துவைக்கும் வழக்கத்தை. செரித்து முடியாத அந்தக் குழம்பு, தொட்டியிலும் மீத்தேனை விட்டுக்கொண்டே இருக்கும். அந்தத் தொட்டிக்கு மூடி போட்டு, அதிலிருந்து வரும் வாயுவையும் குழாய்க்குள் இழுக்காத நிலையத்தைப் பசுமை நிலையம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

வாயுவை எங்கே எரிக்கிறோம் என்பதும் கணக்கை மாற்றும். ஜெனரேட்டரில் எரித்து மின்சாரமாக்கினால், ஒரு டன் கழிவுக்கு 200 யூனிட் அளவில் கிடைக்கும். அது நிலக்கரி மின்சாரத்துக்கு மாற்றானால் மிச்சம் 200 கிலோ வரை போகும். நீர், காற்று, சூரிய மின்சாரம் மிகுந்த இடத்தில் மிச்சம் சொற்பம். ஆண்டுக்கு ஆண்டு மின்சாரம் தூய்மையாகிவரும் உலகில், அதே சமையலறையின் அடுப்பில் வாயுவை எரிப்பதே நெடுநாளைக்கு நிற்கும் பயன் என்பது என் கருத்து.

மட்கு உரத்தின் பக்கமும் குறைகள் உண்டு. குவியலை ஒழுங்காகக் கிளறாவிட்டால் உள்ளே காற்றில்லாமல் மீத்தேன் வரும். நைட்ரஸ் ஆக்சைடும் வெளியேறும். அதன் வெப்பமூட்டும் ஆற்றல் கார்பன் டை ஆக்சைடைப் போல 273 மடங்கு. குவியலின் தழைச்சத்தில் (நைட்ரஜனில்) ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றோடு போய்விடும். செரிகலன் குழம்பில் தழைச்சத்து பெரும்பாலும் தங்கிவிடுவதால், இரசாயன உரத்தின் ஒரு பகுதிக்கு அது மாற்றாகும். ஆனால் மண்ணில் நீண்டகாலம் தங்கி, நீரைப் பிடித்துவைக்கும் கரிமப்பொருளைத் தருவதில் மட்கு உரமே முந்தி நிற்கிறது. குழம்பை ஏற்க அருகில் நிலம் இல்லாமல் அது சாக்கடைக்குப் போகுமானால், பயோகேஸ் தன் பாதி நியாயத்தை இழந்துவிடுகிறது.

வணிகச் சமையலறையின் கழிவு எப்படிப்பட்டது என்பது இங்கே முக்கியம். சமைத்த உணவு, எண்ணெய், உப்பு, இறைச்சி, முக்கால் பங்கு நீர். இப்படிப்பட்ட சரக்கு மட்கு உரத்துக்கு ஒவ்வாதது. மரத்தூளோ காய்ந்த இலையோ ஏராளமாகச் சேர்க்காவிட்டால் நாற்றமும் எலியும் வந்து சேரும். செரிகலனுக்கோ ஈரம் ஒரு வசதி. கொழுப்பிலிருந்து வாயு மிகுதியாக வரும். அளவு மீறினால்தான் ஆபத்து. ஒரு விருந்து நாளில் எல்லா மிச்சத்தையும் ஒரேயடியாகக் கொட்டினால் உள்ளே அமிலம் பெருகி, மீத்தேன் தரும் நுண்ணுயிரிகள் முடங்கிவிடும். மீண்டும் எழுப்ப வாரக்கணக்கில் ஆகலாம். எனவே வெறும் காய்த்தோல், இலைதழை மட்டும் உள்ள சமையலறைக்கு மட்கு உரம். தட்டில் மிஞ்சும் உணவு மிகுந்த சமையலறைக்குப் பயோகேஸ் என்று பிரிப்பேன்.

கழிவை அரைத்துச் சாக்கடையில் விடும் இயந்திரங்களை இந்தப் போட்டியில் சேர்க்கவே வேண்டாம். சுமை சுத்திகரிப்பு நிலையத்தின் தலையில் விழுகிறது, வழியில் குழாய்களிலும் கொழுப்பு படிகிறது. உலர்த்தும் இயந்திரங்கள் பார்க்கச் சுத்தமானவை. ஆனால் ஒரு டன் கழிவிலுள்ள 700 கிலோ நீரை ஆவியாக்கவே 440 யூனிட் அளவுக்கு வெப்பம் தேவை. கடைசியில் கிடைப்பது மட்காத தூள்; நனைந்தால் மறுபடி அழுகும். கால்நடைத் தீவனமாக்குவது செரிகலனைவிட உயர்ந்த பயன்தான். ஆனால் நோய் பரவும் அபாயம் பெரிது. 2001-இல் பிரிட்டனைப் புரட்டிப்போட்ட கோமாரி நோய்க்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் சமையலறை மிச்சத்தைப் பண்ணைக் கால்நடைகளுக்குப் போடுவதைத் தடை செய்தது.

இவை எல்லாவற்றையும் மிஞ்சும் போட்டியாளர் ஒன்று உண்டு: வீணாக்காமல் இருப்பது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2013-இல் சொன்ன கணக்கில், விளைநிலத்திலிருந்து தட்டு வரை ஆண்டுதோறும் வீணாகும் 130 கோடி டன் உண்ணத்தக்க உணவுக்குப் பின்னால் 330 கோடி டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வாயுக்கள் இருக்கின்றன. ஒரு டன்னுக்கு இரண்டு டன்னுக்கும் மேல். செரிகலன் மீட்டுத் தரும் 135 கிலோ அதன் அருகில்கூட வராது. இதனால்தான், தினமும் இத்தனை கிலோ கழிவு தந்தே தீர வேண்டும் என்று சமையலறையைக் கட்டிப்போடும் ஒப்பந்தங்களை நான் எதிர்க்கிறேன். செரிகலன் வாங்குவதற்கு முன் சில வாரங்கள் கழிவை எடைபோட்டு, தட்டில் மிஞ்சியது எது, சமைத்தும் பரிமாறாதது எது, தோலும் எலும்பும் எது என்று தனித்தனியே குறிக்க வேண்டும். பரிமாறாததைக் குறைத்த பிறகு மிஞ்சும் எடைக்குத்தான் கலனின் கொள்ளளவைக் கேட்க வேண்டும். விற்பவரிடம் குழம்புத் தொட்டியின் மூடியைப் பற்றியும், கசிவை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கருவி வைத்துச் சோதிப்பார் என்பதைப் பற்றியும் எழுத்தில் வாங்க வேண்டும்.