விராவில் 4ஜி93டி: கார்மன் சென்சாரோடு சில வருடம், மேப்போடு சில வருடம்

எஞ்சின் மாற்றுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது எத்தனை குதிரைசக்தி வரும் என்பதைத்தான். எஞ்சினுக்குள் போகும் காற்றை எதை வைத்து அளக்கப்போகிறோம் என்பது வயர்மேன் வந்து நிற்கும்போதுதான் நினைவுக்கு வருகிறது. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். எந்த ஈசியூ (அந்தக் காற்றுக்கு ஏற்பப் பெட்ரோலையும் இக்னிஷனையும் முடிவு செய்யும் எஞ்சின் கணினி) வாங்குவது, காலையில் வண்டி எப்படி ஸ்டார்ட் ஆகும், ஏர்கோன் போட்டால் ஐடில் (வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) நிற்குமா என்பதெல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

என் காடி புரோட்டோன் விரா 1.5. உள்ளே இப்போது இருப்பது மிட்சுபிஷி லான்சர் ஜிஎஸ்ஆரில் வந்த 4ஜி93டி. 1834 சிசி, இரட்டை கேம், டர்போ. ஜப்பானில் 195 பிஎஸ் (குதிரைசக்தி) என்று விற்றார்கள். விராவே லான்சரின் உடம்புதான் என்பதால் எஞ்சினை உட்கார வைப்பதில் பெரிய தலைவலி இல்லை. கிள்ளான் பக்கம் ஒரு கடையில் ஹாஃப்கட் (எஞ்சினோடு வெட்டி விற்கும் பழைய காடியின் முன்பாதி) வாங்கியபோது ஈசியூ, வெட்டாத வயரிங், ஏர்பாக்ஸோடு சேர்ந்த சென்சார், இன்ஜெக்டர் ரெசிஸ்டர் பெட்டி எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தே பணம் கொடுத்தேன். எஞ்சின் மலிவாகக் கிடைக்கிறதே, மற்றதை அப்புறம் தேடிக்கொள்ளலாம் என்று போனால், அந்தத் தேடலுக்கே இன்னொரு எஞ்சின் விலை ஆகிவிடும்.

இந்த எஞ்சினோடு வரும் காற்று சென்சார் கார்மன் வோர்டெக்ஸ் வகை. காற்றுப் பாதையில் ஒரு சிறு தடை இருக்கும். அதைத் தாண்டும் காற்று இரண்டு பக்கமும் மாறி மாறிச் சுழல்களை உதிர்த்துக்கொண்டே போகும். அந்தச் சுழல்களை எண்ணி, அதிர்வெண்ணாக ஈசியூவுக்கு அனுப்புகிறது சென்சார். காற்று வேகமானால் எண்ணிக்கை கூடும். இதில் கவனிக்க வேண்டியது, இது அளப்பது காற்றின் கொள்ளளவை, நிறையை அல்ல. அதனால்தான் அதே டப்பாவுக்குள் வெப்ப சென்சாரும் காற்றழுத்த சென்சாரும் வைத்திருக்கிறார்கள். மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் எவ்வளவு காற்று உள்ளே போனது என்று ஈசியூவுக்குத் தெரியும்.

ஸ்டாண்டர்டு ஈசியூவோடு இது ஓடிய வருடங்களில் வண்டி ஓட்டுவது சுகமாக இருந்தது. மழையில் ஒரே சாவியில் ஸ்டார்ட். கெந்திங் மலை ஏறினால் கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கலாக இருக்கும் காற்றழுத்தம் 80-ஐ ஒட்டி இறங்கிவிடும். மேலே போய் நிறுத்தினாலும் ஐடில் அசையாது. எக்ஸாஸ்ட் மாற்றினேன், ஈசியூவில் கை வைக்கத் தேவைப்படவில்லை. வந்த காற்றை நேராக எண்ணுகிறது, அதனால் சின்ன மாற்றங்களைத் தானாகச் சமாளிக்கும். ஏர்ஃப்ளோ சென்சாரை 'பழைய காலத்து சாமான்' என்று சொல்லும் ட்யூனர்கள் இந்த இடத்தைப் பேசுவதே இல்லை.

தொல்லைகளும் உண்டு. ஏர்பாக்ஸை எடுத்துவிட்டுத் திறந்த கோன் ஃபில்டர் போட்டால் காற்று குழம்பி வரும், எண்ணிக்கை தப்பும், ஐடில் ஏறி இறங்கும். சென்சார் வாயில் இருக்கும் தேன்கூட்டு வலை நசுங்கினாலும் இதே கதைதான். பிளோ-ஆஃப் வால்வ் (மிஞ்சிய டர்போ காற்றைத் திறந்துவிடும் வால்வ்) சத்தத்துக்கு ஆசைப்பட்டு வெளியே ஊதவிட்டால், ஏற்கெனவே எண்ணிய காற்று தப்பிப் போகிறது. ஈசியூ அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றும். கியர் மாற்றும்போது வண்டி கறுப்பாகப் புகைந்து திணறும். அந்தக் காற்றைக் குழாய் போட்டு டர்போவின் வாய்க்கே திருப்பி விடுங்கள், சத்தம் வேண்டாம்.

பூஸ்டை (டர்போ காற்றைத் தள்ளும் அழுத்தத்தை) ஏற்ற ஆரம்பித்ததும்தான் எல்லை தெரிந்தது. ஓர் அளவுக்கு மேல் காற்றைப் பார்த்தால் ஈசியூ பெட்ரோலை வெட்டும். ஓடும்போது யாரோ பின்னால் இழுத்தது போல இருக்கும். இதற்கு, சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் வைக்கும் பிக்கிபேக் பெட்டிகள் உண்டு. அவை சென்சார் சிக்னலைக் குறைத்துக் காட்டும். பெரிய இன்ஜெக்டர் போட்டவர்களுக்கு அது வசதியாகத் தெரியும். ஆனால் காற்று குறைவு என்று நம்பும் ஈசியூ, எஞ்சினுக்கு லோடு குறைவு என்று இக்னிஷன் பொறியையும் முன்கூட்டியே அடிக்கும். ஜப்பானில் டர்போ காடிக்கு ஊற்றுவது 98 முதல் 100 ஆக்டேன் பெட்ரோல், மலேசியாவில் நமக்குப் பெரும்பாலான பம்பில் 95, இல்லாவிட்டால் 97. நாக்கிங் (பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடித்து எஞ்சின் தட்டுவது) வர வேறென்ன வேண்டும்? அதனால் பிக்கிபேக் பக்கமே போகாமல், நேராக ஸ்டாண்டலோன் ஈசியூவுக்கும் (ஸ்டாண்டர்டு ஈசியூவுக்குப் பதிலாகப் போட்டு நாமே ட்யூன் செய்வது) மேப் சென்சாருக்கும் மாறினேன்.

மேப் சென்சார் காற்றை எண்ணாது. மேனிஃபோல்டில் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் குழாயில்) இருக்கும் அழுத்தத்தைச் சொல்லும், அவ்வளவுதான். ஆர்பிஎம், அழுத்தம், காற்றின் வெப்பம் மூன்றையும் வைத்து, எஞ்சின் எவ்வளவு காற்றை இழுத்திருக்கும் என்று ஈசியூ அட்டவணை பார்த்து ஊகிக்கிறது. புதிய உத்தி ஒன்றும் இல்லை. 1967-இல் வந்த போஷ் டி-ஜெட்ரோனிக் அழுத்தத்தை வைத்துத்தான் வேலை செய்தது. காற்றை நேராக அளக்கும் எல்-ஜெட்ரோனிக் அதற்குப் பிறகு, 1970-களில்தான் வந்தது.

வாங்கும்போது அளவு பாருங்கள். 1 பார் (100 கிலோபாஸ்கல்) சென்சார் டர்போவுக்கு உதவாது. 1 பார் பூஸ்ட் என்றால் முழு அழுத்தம் 200 கிலோபாஸ்கலைத் தொடும், ஆகவே 250 அல்லது 300 வரை அளப்பது வேண்டும். ஹோஸ் சின்னதாக, வேறு எதனோடும் பங்கு போடாமல், த்ராட்டிலுக்கு (காற்றைத் திறந்து மூடும் வால்வுக்கு) பின்னால் இருந்து வர வேண்டும். சென்சார் அந்த ஹோஸைவிட உயரத்தில் இருந்தால் ஈரம் தேங்காது.

பவர் ட்யூனிங் டைனோவில் (சக்தியை அளக்கும் மேடையில்) ஒரு மத்தியானத்தில் முடிந்தது. மற்றதுதான் மாதக்கணக்கில் இழுத்தது. கோலாலம்பூர் ஜாமில் அரை மணி நேரம் நின்று, எண்ணெய்க் கடையில் அணைத்து, திரும்ப ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் நடுங்கும். காரணம் மேப் அல்ல, காற்று வெப்ப சென்சார். அலுமினிய மேனிஃபோல்டில் திருகியிருந்ததால் அது உலோகத்தின் சூட்டைக் காற்றின் சூடு என்று சொல்லிக்கொண்டிருந்தது. சூடான காற்று லேசு என்று ஈசியூ பெட்ரோலைக் குறைத்துவிடும். சென்சாரை இன்டர்கூலருக்கு (டர்போ காற்றைக் குளிர்விக்கும் பெட்டிக்கு) பின்னால், த்ராட்டிலுக்கு முன்னால் இருக்கும் குழாய்க்கு மாற்றி, வெப்பத் திருத்த அட்டவணையையும் மெதுவாக்கிய பிறகு வழிக்கு வந்தது. இதை எந்த ட்யூனரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஐடில் இன்னொன்று. மிட்சுபிஷியின் ஐடில் மோட்டார் ஸ்டெப்பர் வகை, படிப்படியாக நகரும். மலிவான ஸ்டாண்டலோன் சிலவற்றுக்கு அதை ஓட்டத் தெரியாது. ஏர்கோன் கம்ப்ரெஸர் இழுக்கும் முன்பே ஐடிலை ஏற்றும் வசதி இருக்கிறதா, கிராங்க் சென்சார் (எஞ்சின் சுழற்சியைச் சொல்லும் சென்சார்) அனுப்பும் சிக்னல் வடிவத்தை அது படிக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். நம் ஊரில் ஏர்கோன் இல்லாத காடியை யார் ஓட்டுவது?

மற்ற வகைகள் பற்றி இரண்டு வார்த்தை. கதவு போல ஆடும் பழைய வேன் வகை மீட்டர் காற்றை மறிக்கும், உள்ளே இருக்கும் தடமும் தேயும். டொயோட்டா 4ஏ-ஜிஇ 20 வால்வ் எஞ்சின் தேடுபவர்களுக்கு: அதன் இரண்டு வகைகளில் சில்வர்டாப் அந்த வேன் மீட்டரோடு வரும், பிளாக்டாப் மேப்போடு வரும், இரண்டின் ஈசியூவையும் மாற்றிப் போட முடியாது. சூடான கம்பியை வைத்து அளக்கும் ஹாட்வயர் நேராக நிறையையே அளக்கும், நல்ல சாமான், ஆனால் எண்ணெய் தடவிய ஃபில்டர் அதற்கு எதிரி.

ஸ்டாண்டர்டு பூஸ்டில் தினமும் வேலைக்குப் போகிற காடி என்றால் ஹாஃப்கட்டோடு வந்த சென்சாரையும் ஈசியூவையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வயதான ஈசியூ என்பதால் மூடியைத் திறந்து மின்தேக்கிகள் கசிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். டர்போவையும் இன்ஜெக்டரையும் பெரிதாக்கப்போகிறீர்கள் என்றால் மேப். அப்போது, உங்கள் ஊரிலேயே ட்யூன் செய்யத் தெரிந்த ஆள் எந்த ஈசியூவில் வேலை செய்கிறாரோ அதை வாங்குங்கள். விலையும் வசதியும் அப்புறம்.

எதுவானாலும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி வாங்கி, சோதனை முடித்து, புது எஞ்சின் நம்பரைக் கிரானில் (வண்டியின் பதிவுப் பத்திரத்தில்) ஏற்றிவிடுங்கள். 1834 சிசி என்பதால் 1800-க்கு மேற்பட்ட கணக்கில் விழும்; 90 ரிங்கிட்டாக இருந்த ரோட் டேக்ஸ் 300-ஐ ஒட்டி வரும்.