இரண்டாம் வகுப்புக் கழித்தல்: குச்சிக் கட்டா, டீன்ஸ் கட்டையா?

இரண்டாம் வகுப்பில் குழந்தைகள் படிப்பதிலேயே கடினமானது இடமதிப்பு என்பேன். 52 என்று எழுதினால் அதிலுள்ள 5 ஐம்பதைக் குறிக்கிறது. இது பிடிபட்ட குழந்தைக்குக் கூட்டல், கழித்தல், பிறகு வரும் பெருக்கல் எல்லாமே ஒரே கதையின் தொடர்ச்சி. பிடிபடாத குழந்தைக்கு ஒவ்வொரு கணக்கும் மனப்பாடம் செய்யவேண்டிய புது விதி.

இதைக் கற்றுக்கொடுக்க எதைப் பயன்படுத்துவது என்று யோசித்தபோது என் முன்னால் சில வழிகள் இருந்தன: பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்டு போட்ட குச்சிக் கட்டுகள், டீன்ஸ் கட்டைகள், மாண்டிசோரி கல்விமுறையின் தங்க மணிகள், மணிச்சட்டம். நான் எடுத்துக்கொண்டது குச்சிக் கட்டு. ஏன் என்று சொல்கிறேன்.

மணிச்சட்டத்தை முதலிலேயே தள்ளி வைத்துவிட்டேன். அதில் பத்தாம் இடத்துக் கம்பியில் இருக்கும் ஒரு மணி பத்துக்குச் சமம். பார்வைக்கு அதுவும் மற்ற மணிகளைப் போலத்தான் இருக்கும். இடமதிப்பு ஏற்கெனவே புரிந்த குழந்தைக்கு நல்ல கருவி; அதைப் புரியவைக்க ஏற்ற கருவி என்று எனக்குத் தோன்றவில்லை.

தங்க மணிகளும், ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் சோல்டான் டீன்ஸின் பெயரால் வழங்கும் கட்டைகளும் கிட்டத்தட்ட ஒரே ஏற்பாடுதான். ஒன்றுக்கு ஒரு மணி அல்லது சின்னக் கனசதுரம், பத்துக்கு ஒரு கோல், நூறுக்கு ஒரு சதுரம், ஆயிரத்துக்கு ஒரு பெரிய கனசதுரம். பத்து ஒன்றைவிட எவ்வளவு பெரியது, நூறு பத்தைவிட எவ்வளவு பெரியது என்று கண்ணுக்கு நேராகத் தெரியும். அழகான பொருள்கள், நீடித்தும் உழைக்கும்.

ஆனால் பத்தின் கோலைப் பிரிக்க முடியாது. எனக்கு இதுதான் முடிவைத் தீர்மானித்த விஷயம்.

52இலிருந்து 27ஐக் கழிக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். குழந்தையின் முன்னால் ஐந்து கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் இருக்கின்றன. ஏழு குச்சி கொடு என்று கேட்டால், இரண்டைக் கையில் எடுத்துவிட்டு ஒரு கணம் முழிக்கும். அப்புறம் கட்டுகளைப் பார்க்கும். ஒரு கட்டை இழுத்து, ரப்பர் பேண்டை உருவியதும் பத்துக் குச்சியும் மேசையில் சிதறும். இப்போது நான்கு கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழைக் கொடுத்தால் ஐந்து மீதி. 27இல் உள்ள இருபதுக்கு இரண்டு கட்டுகளைக் கொடுத்துவிட்டால் இரண்டு கட்டு மீதி. விடை 25. கடன் வாங்கு, பக்கத்து எண்ணில் ஒன்றைக் குறை என்று நான் எதுவும் சொல்லவேண்டியதில்லை. ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக மாற்றுவதை, இனமாற்றம் என்று பாடத்தில் படிக்கப்போவதை, அந்தக் கை முன்கூட்டியே செய்துவிட்டது.

டீன்ஸ் கட்டையில் இதே இடத்தில் ஒரு கோலைப் பெட்டியில் போட்டுவிட்டுப் பத்துச் சின்னக் கட்டைகளை வாங்கவேண்டும். அது பண்டமாற்று. ஏன் பத்து, ஏன் எட்டு இல்லை? கோலுக்குப் பக்கத்தில் கட்டைகளை வரிசையாக அடுக்கிப் பார்க்கும் குழந்தைக்குக் காரணம் புரியும். டீச்சர் சொன்னதால் பத்து என்று எடுத்துக்கொள்ளும் குழந்தைக்கு அதுவும் இன்னொரு விதி. ஐந்து கோலும் இரண்டு கட்டையும் வைத்தால் மொத்தம் ஏழு என்று எண்ணும் குழந்தைகளும் உண்டு. வெறும் நோட்டுக் கணக்கில் வரும் 35 என்ற விடை இதற்கு நெருங்கிய உறவு: ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து, ஐந்திலிருந்து இரண்டைக் கழித்து மூன்று.

நடுவில் சுழியம் வந்தால் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். 402இலிருந்து 168. பத்துப் பத்துக் கட்டுகளைச் சேர்த்துக் கட்டிய பெரிய கட்டு ஒரு நூறு. உதிரியில் இருப்பது இரண்டே குச்சி, சின்னக் கட்டு ஒன்றுகூட இல்லை. பெரிய கட்டைப் பிரித்தால் பத்துச் சின்னக் கட்டு. அதில் ஒன்றைப் பிரித்தால் பத்து உதிரி. இப்போது மேசையில் 3 நூறு, 9 பத்து, 12 ஒன்று. சுழியத்துக்கு மேலே எழுதும் அந்த 9 எங்கிருந்து வந்தது என்று குழந்தை தன் கையாலேயே கண்டுகொள்கிறது. இந்த ஒன்பதைப் பெரியவர்களிலும் பலர் காரணம் தெரியாமலேயே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

குச்சிக்குப் பராமரிப்பு அதிகம், மறுக்கமாட்டேன். ரப்பர் பேண்டு அறுந்துபோகும். ஒன்பது குச்சியோடு ஒரு கட்டு கலந்துவிட்டால் கணக்கே கெடும். அதனால் வகுப்பு தொடங்கியதும் ஆளுக்குச் சில கட்டுகளைக் கொடுத்து எண்ணிச் சரிபார்க்கச் சொல்வேன். பத்துக்கு மேல் போனால் எடு, குறைந்தால் சேர். இந்த வேலையையே நான் பாடமாகத்தான் பார்க்கிறேன். பத்து என்பது எண்ணிக் கட்டியது என்று தினமும் நினைவுபடுத்துகிறது. விரல்களுக்கு இன்னும் பலம் வராத குழந்தைகள் ரப்பர் பேண்டோடு போராடுவார்கள். அவர்களுக்குத் தளர்வான முடிப் பட்டை போதும்.

ஆயிரத்தைத் தொடும்போது குச்சி தோற்றுவிடும். அத்தனை குச்சிக்கு மேசையும் கிடையாது, பொறுமையும் கிடையாது. அங்கே டீன்ஸ் கட்டைதான் சரி. தசமத்துக்கும் அதே கட்டைகளைப் பயன்படுத்துகிறார்கள்: சதுரத்தை ஒன்று என்று வைத்துக்கொண்டால் கோல் 0.1, சின்னக் கட்டை 0.01. பெரிய வகுப்புகளுக்கு நான் கணக்கு எடுத்ததில்லை, அதனால் இதில் என் கருத்தை அதிகம் நம்பவேண்டாம்.

எதை எடுத்தாலும் அதிலேயே தங்கிவிடக் கூடாது. செயல், படம், குறியீடு என்று அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் பிரித்துக் காட்டிய வரிசையை நான் பின்பற்றுகிறேன். கட்டுகளைத் தயங்காமல் பிரிக்கத் தொடங்கியதும் அவற்றை எடுத்து வைத்துவிட்டு, பத்துக்கு ஒரு கோடும் ஒன்றுக்கு ஒரு புள்ளியும் வரையச் சொல்வேன். கோட்டை அடித்துவிட்டுப் பத்துப் புள்ளி வைக்கத் தெரிந்த பிறகுதான் எண்களை மேலும் கீழுமாக எழுதும் கணக்கு. அப்போதும் யாராவது 35 என்று எழுதினால் திருத்திக் கொடுப்பதில்லை. ஐந்து கட்டையும் இரண்டு குச்சியையும் திரும்ப மேசையில் வைத்துவிடுவேன்.