விண்டோஸ் 10-க்குப் பிறகு: எந்த இலவசம் நம் வீட்டுக் கணினிக்கு ஒத்துவரும்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. கணினி நின்றுபோகாது, பாதுகாப்புத் திருத்தங்கள்தான் வராது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் பார்க்கும் மடிக்கணினிகள் பலவும் அலுவலகங்கள் கழித்துவிட்டு, செகண்ட் ஹேண்டில் கைமாறி வந்தவை. அதில்தான் பிள்ளை கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில் பாடம் பார்க்கிறது, அப்பா வங்கிக் கணக்கைத் திறக்கிறார். அதனால் அப்படியே விட்டுவிடவும் முடியாது.

விண்டோஸ் 11-க்கு மாறுவது இலவசம். ஆனால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். செயலி இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். செட்டிங்ஸில் அபவுட் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஐ5-6200யு என்று இருந்தால் அது 6-ஆம் தலைமுறை. டிபிஎம் சில்லு இருந்தாலும் தகுதி பெறாது. இந்தத் தகுதிச் சோதனையைத் தாண்டவைத்து விண்டோஸ் 11-ஐ ஏற்றித்தரும் கடைகள் இருக்கின்றன. அப்படி ஏற்றிய கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. காசு கொடுத்து அதைச் செய்ய வேண்டாம் என்பேன்.

தகுதி பெறாத கணினிக்கு மைக்ரோசாஃப்ட்டே இன்னொரு வழி வைத்திருக்கிறது: கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்கள், 2026 அக்டோபர் 13 வரை. 30 அமெரிக்க டாலர் கட்டலாம், அல்லது மைக்ரோசாஃப்ட்டின் 1,000 ரிவார்ட்ஸ் வெகுமதிப் புள்ளிகளைக் கொடுக்கலாம், அல்லது கணினி அமைப்புகளை (செட்டிங்ஸ்) மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் சேமிக்க ஒத்துக்கொண்டு சும்மாவே பெறலாம். மூன்றுக்கும் மைக்ரோசாஃப்ட் கணக்கு கட்டாயம். கணினியில் விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும். இங்கே இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எப்போது சேர்ந்தாலும் முடிவது அதே நாளில்தான், தாமதித்தால் நமக்குத்தான் நஷ்டம். அப்புறம், ஒன்டிரைவில் இலவச இடம் 5 ஜிபி மட்டுமே. படங்களையும் கோப்புகளையும் சேர்த்து ஏற்றினால் சீக்கிரம் நிரம்பி, காசு கட்டச் சொல்லும். அமைப்புகளை மட்டும் ஏற்றினால் போதும்.

விண்டோஸுக்குப் பதிலாக ஏற்றக்கூடிய இயங்குதளமான கூகுளின் குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸும் இலவசம். 4 ஜிபி ரேம் உள்ள கணினியிலும் ஓடும். டெலிமா, கூகுள் கிளாஸ்ரூம் மட்டும் போதும் என்கிற மாணவருக்கு இது நல்ல தேர்வு. விண்டோஸ் மென்பொருள் எதுவும் ஓடாது; ஆண்ட்ராய்டு செயலிகளும் கிடையாது. இணையம் அடிக்கடி விட்டுப்போகும் தோட்டத்து வீட்டில் இதை நம்பி இருப்பது சிரமம். கூகுள் சோதித்த மாடல்களின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஆதரவு முடியும் தேதி உண்டு, அதையும் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் யாரிடமும் கணக்குத் திறக்கச் சொல்லாது, இணையம் இல்லாமலும் முழுசாக வேலை செய்யும். 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் தமிழாசிரியர்கள் யோசித்துத்தான் இறங்க வேண்டும். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய தமிழ்த் தட்டச்சு மென்பொருளான முரசு அஞ்சல் லினக்ஸுக்கு இல்லை. தமிழ்99 விசைப்பலகையை லினக்ஸின் தட்டச்சுக் கருவியான ஐபஸ் வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம், தட்டச்சுப் பழக்கம் மாறாது. யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் அடித்த பழைய வினாத்தாள்கள்தான் தொல்லை: அந்த எழுத்துருக்களையும் கையோடு எடுத்துப் போகாவிட்டால் திறக்கும்போது வெறும் குறியீடுகளாக நிற்கும்.

என் யோசனை இது: தகுதி உள்ள கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்றிவிடுங்கள். மற்றவர்கள் இலவசத் திருத்தங்களில் உடனே சேர்ந்துகொண்டு, அந்த அவகாசத்தில் மின்டையும் ஃபிளெக்ஸையும் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டர் வேலை செய்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். பிடித்திருந்தால், கோப்புகளை வேறு இடத்தில் நகலெடுத்த பிறகு மட்டும் நிறுவுங்கள். ஃபிளெக்ஸை நிறுவும்போது டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

கோயில் அலுவலகத்துக்கும் கடைக் கணக்குக்கும் பயன்படும் கணினிகளுக்கு இந்த யோசனை பொருந்தாது. அந்த இலவசத் திருத்தங்கள் வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும். நிறுவனங்களுக்கு முதல் ஆண்டுக்கு ஒரு கணினிக்கு 61 அமெரிக்க டாலர், அடுத்த ஆண்டு அதைப்போல் இரண்டு மடங்கு. அந்தப் பணத்தைப் பழைய கணினிக்குக் கட்டுவதைவிட, 8-ஆம் தலைமுறை செகண்ட் ஹேண்ட் கணினி வாங்கப் போடச் சொல்லி நிர்வாகக் கூட்டத்தில் பேசுங்கள்.